பெட்டியின் சாவி யாரிடம்?

பீகார் பள்ளிக்கூடம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு புகைப்படம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு பிட் கொடுப்பதற்காக உறவினர்கள் பல்லிகளைப் போல மாடிச் சுவரில் தொற்றிக்கொண்டிருந்த காட்சி அது. 2015 மார்ச்சில் அந்தப் படம் உலகைச் சுற்றிவந்தது. அதே ஆண்டில், அதே மாநிலத்தில், நாலந்தா மாவட்டத்தில் தொடங்கிய இன்னொரு காரியம் எந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்திலும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அந்த மாவட்டத்தின் சில அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். மனதில் இருப்பதை எழுதி மாணவர்கள் அதில் போடலாம். கூடவே ஒரு சுவர்ப் பத்திரிகை. மாதத்துக்கு ஒரு விஷயம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் சுகாதாரம் என்றால் இன்னொரு மாதம் சக மாணவனைத் துன்புறுத்துவது, வேறொரு மாதம் ஆண் பெண் சமத்துவம். அதையொட்டிக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேச்சு, மாணவர்களுக்குப் போட்டிகள். மாணவர்களைச் சேர்த்துச் சிறு குழுக்கள். தனியாகப் பேச விரும்புகிற பிள்ளைக்குத் தனியாகப் பேச நேரம். பெரிய செலவு பிடிக்கிற சமாசாரம் எதுவும் இதில் இல்லை. கோவாவில் தொடங்கப்பட்ட 'சங்கத்' என்ற தொண்டு நிறுவனமும் பீகார் அரசும் கைகோத்துச் செய்த ஏற்பாடு இது. 'சேஹர்' என்று பெயர் வைத்தார்கள். விடியலைக் குறிக்கும் உருதுச் சொல்லை நினைவூட்டுகிற பெயர்.

இதுவரை சொன்னதில் புதுமை ஒன்றுமில்லை. இந்தியாவில் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் எத்தனையோ பள்ளிகளில் பெட்டி மாட்டியிருக்கின்றன. ஆண்டறிக்கையில் அதைப் படம் பிடித்தும் போட்டிருக்கின்றன. நாலந்தாவில் செய்த வித்தியாசமான காரியம், பெட்டியால் பலன் உண்டா என்று முறையாகச் சோதித்துப் பார்த்ததுதான். 74 பள்ளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் இந்த வேலைகளையெல்லாம் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே செய்தார். இன்னொரு பிரிவில் வெளியாள் ஒருவர் செய்தார். அவர் மனநல மருத்துவரும் இல்லை, மனோதத்துவம் படித்தவரும் இல்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரண ஆள். மூன்றாவது பிரிவில் வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடம் மட்டும். ஆசிரியருக்கும் வெளியாளுக்கும் கொடுத்த வேலைத் திட்டம் ஒன்றுதான். பெட்டியும் அதே பெட்டிதான். தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். எட்டு மாதம் கழித்து மறுபடி கேட்டார்கள்.

முடிவு 2018-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. வெளியாள் இருந்த பள்ளிகளில் நிலைமை கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருந்தது. பள்ளி தங்களுடையது, ஆசிரியர்கள் தங்களை மதிக்கிறார்கள், சக மாணவர்கள் துணை இருக்கிறார்கள் என்ற உணர்வு பிள்ளைகளிடம் வெகுவாகக் கூடியிருந்தது. ஒருவரை ஒருவர் துன்புறுத்துவது குறைந்திருந்தது. அடி வாங்குவதும் அடிப்பதும் குறைந்திருந்தன. மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆசிரியரே பொறுப்பேற்ற பள்ளிகளில்? வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடம் மட்டும் நடந்த பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் கல்வித் துறையை நடத்துகிறவர்கள் சட்டம் போட்டு மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று இந்தியாவில் சுற்றறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. அவை எல்லாமே ஒரு வரியில் போய் முடியும்: இந்தப் பொறுப்பை ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கவும்.

ஆசிரியர்களைக் கரித்துக்கொட்ட இந்த ஆய்வை யாராவது பயன்படுத்தினால் அது அநியாயம். பீகார் ஆசிரியரின் ஒரு நாளைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். பாடம் நடத்துவது அவர் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்குப் போவார். 2023-இல் அந்த மாநிலத்தில் சாதிக் கணக்கெடுப்பு நடந்தபோது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்களில் ஆசிரியர்கள் நிறையப் பேர். 2021-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. மதிய உணவு அரிசி வந்த காலிச் சாக்குகளைச் சாக்கு ஒன்று 10 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கணக்கில் கட்ட வேண்டும் என்றது அந்த உத்தரவு. தலையில் சாக்கு மூட்டையோடு கூவி விற்ற ஆசிரியர் ஒருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். உத்தரவைக் கேலி செய்துவிட்டாராம். இப்படிப்பட்டவரிடம் போய், பிள்ளைகளின் மனதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அவர் எதைப் பார்ப்பார்?

நேரம் மட்டும் பிரச்சினை என்றால் வேலைப் பளுவைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். பிள்ளையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலானது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுகிறான். இதைத் திறக்கப்போவது கணக்கு வாத்தியார். அவருக்குத் தன் கையெழுத்து தெரியும். எழுதியிருப்பது தலைமையாசிரியரின் உறவுக்காரப் பையனைப் பற்றி என்றால்? அல்லது அவருடைய டியூஷனில் படிக்கிறவனைப் பற்றி? அவர் மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் இருவரையும் எழுப்பி நிறுத்தி விசாரிப்பார். நல்ல எண்ணத்தோடுதான். கை குலுக்கச் சொல்வார், சமாதானம் என்பார். மணி அடித்த பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது, பையனுக்குத் தெரியும். உள்மதிப்பீட்டு மார்க்கும் அவர் கையில். பெண் பிள்ளை என்றால் இன்னொரு பயம்: விஷயம் வீட்டுக்குப் போனால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். இவ்வளவு யோசித்த பிறகு காகிதம் கசங்கிப் பைக்குள் போகிறது.

சில நேரம் எழுத வேண்டியதே ஆசிரியரைப் பற்றித்தான். அப்போது அந்தப் பெட்டி வெறும் தகரம்.

வெளியாளிடம் மார்க் இல்லை, பிரம்பு இல்லை, ஊர்ப் பகை இல்லை. அவருக்கு வேறு வேலையும் இல்லை. எட்டு மாத காலம் அந்தப் பள்ளி வளாகத்தில் இருப்பதும், பிள்ளைகளோடு பேசுவதும்தான் வேலை. நாலந்தாவின் வெற்றிக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தொந்தரவு என்ன என்பதைப் பிள்ளை சொல்லவருகிற வார்த்தையிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. கேலி, கிண்டல், வம்பு, சீண்டல் என்று தமிழில் வார்த்தைகள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒரு புன்னகையோடுதான் வருகிறது. இந்தியிலும் 'மஸாக்' என்றால் விளையாட்டு. 'தாதாகிரி' என்றால் கேட்பவருக்கு சினிமா ஞாபகம் வருகிறது. திட்டமிட்டு, திரும்பத் திரும்ப, திருப்பி அடிக்க முடியாத ஒருவனைப் பார்த்துத் துன்புறுத்துவதற்கு ஒரு கனமான சொல் இங்கே புழக்கத்தில் இல்லை. 'புல்லியிங்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கான்வென்ட் பிள்ளைகள் சொல்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் "அவன் என்னைக் கிண்டல் பண்றான்" என்கிறார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே "நீயும் பதிலுக்குப் பண்ணு" என்கிறார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மேலே சொன்ன அந்த மூன்று அடையாளங்களை, அதாவது வேண்டுமென்றே செய்வது, மறுபடி மறுபடி செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது ஆகியவற்றை வரையறுத்துக் கொடுத்தவர் டான் ஓல்வேயஸ் என்ற ஸ்காண்டிநேவிய ஆய்வாளர். 1970-களிலேயே ஸ்வீடன் பள்ளிகளில் அவர் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1982-இல் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்கும் என்று செய்தி வந்ததும் நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் ஓல்வேயஸின் முறையைச் செயல்படுத்தியபோது தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

பின்னால் வந்த பின்லாந்துக்காரர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். அடிக்கிறவன் ஒருவன், படுகிறவன் ஒருவன், வேடிக்கை பார்க்கிற மீதிப் பேர்தான் விளையாட்டைத் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் சிரித்தால் தொடரும், முகத்தைத் திருப்பிக்கொண்டால் சப்பென்று போய்விடும். 'கிவா' என்ற திட்டத்தை இந்த வேடிக்கை பார்ப்பவர்களைக் குறிவைத்தே வடிவமைத்து 2009-இல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். கிவா என்றால் அவர்கள் மொழியில் 'நல்லது', 'இனியது'. நம் ஊர் வகுப்பறையில் வேடிக்கை பார்க்க ஐம்பது அறுபது பேர் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த அறுபது பேரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தால், வெளியே பெரியவர்கள் எதற்குச் சிரிக்கிறார்களோ அதற்குத்தான். நிறம், உடம்பின் பருமன், திக்குவாய், அப்பாவின் வேலை, சாதி. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 சதவிகித ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்குள் வந்த பிள்ளையின் டிபன் பாக்ஸ். டெல்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் 'மதராஸி' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு அந்தக் கசப்பு நன்றாக ஞாபகம் இருக்கும். இன்று சென்னையிலும் திருப்பூரிலும் வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளையைப் பார்த்து 'பீகாரி' என்கிறார்கள். வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளையின் கண்ணைச் சொல்லிக் கூப்பிடும் சொல்லை இங்கே அச்சிட வேண்டியதில்லை.

தனிப்பட்ட இரண்டு பிள்ளைகளின் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டின் நாங்குநேரி சாட்சி. 2023 ஆகஸ்ட்டில் அங்கே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். குறுக்கே வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன் அந்த மாணவன் பள்ளிக்குப் போகவே பயந்தான். பிறகு ஆசிரியர் கேட்டதும் தொல்லை கொடுத்தவர்களைப் பற்றிச் சொன்னான். சொன்னதற்குக் கிடைத்த பதில்தான் அந்த அரிவாள்.

இந்தியாவில் அரசும் நிர்வாகமும் இந்த மாதிரி ஒரு பயங்கரம் நடந்தால்தான் விழிக்கின்றன. விழித்ததும் கையில் கிடைப்பதை வாங்கி மாட்டுகின்றன. 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கொலை செய்யப்பட்டான். போலீஸ் உடனே பஸ் கண்டக்டரைப் பிடித்தது. பெற்றோர்கள் கொதித்தார்கள். பஸ் ஊழியர்களின் பின்னணியைச் சோதிக்க வேண்டும், எங்கும் கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவுகள் பறந்தன. இரண்டு மாதம் கழித்து சி.பி.ஐ. வேறு ஒருவரைப் பிடித்தது. அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவன். பரீட்சையையும் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தையும் தள்ளிப்போட வைப்பதற்காகச் செய்தான் என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. கண்டக்டர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். பரீட்சையைக் கண்டு ஒரு பையன் என்ன பாடு படுகிறான் என்பதை விசாரிக்க அந்த உத்தரவுகளில் எதிலாவது இடம் இருந்ததா?

2019-இல் டெல்லி அரசு தன் பள்ளிகளின் வகுப்பறைகளுக்குள்ளேயே கேமரா பொருத்தத் தொடங்கியது. பெற்றோர் தங்கள் போனில் பிள்ளையின் வகுப்பைப் பார்க்கலாம் என்று பெருமையாக அறிவித்தார்கள். கேமராவுக்கு உபயோகம் இல்லை என்று சொல்ல முடியாது. திருட்டு போனால், வெளியாள் நுழைந்தால், உதவும். ஆனால் பின் பெஞ்சில் ஒருவன் குனிந்து காதில் சொல்வது அதில் பதிவாகாது. இடைவேளையில் யாரும் பக்கத்தில் உட்காராமல் ஒரு பெண் தனியாகச் சாப்பிடுவதை அது பதிவு செய்யும்; பார்க்கிறவருக்கு அமைதியான வகுப்பாகத்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு, பிள்ளைக்கு உடல் தண்டனையோ மன உளைச்சலோ தரக் கூடாது என்கிறது. பெரும்பாலும் அது ஆசிரியரின் பிரம்பை நோக்கிப் பேசுகிற பிரிவு. கல்லூரி ராகிங்குக்கு உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு கடுமையான விதிகள் போட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடப்பதற்கென்று தனியாக மத்தியச் சட்டம் கிடையாது. 2015-இல் சி.பி.எஸ்.இ. ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு பள்ளியிலும் துணை முதல்வர், மூத்த ஆசிரியர், டாக்டர், ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி, நிர்வாகப் பிரதிநிதி என்று ஒரு குழு இருக்க வேண்டும். நல்ல யோசனைதான். சில பள்ளிகளில் குழு உண்மையிலேயே வேலை செய்கிறது. பல பள்ளிகளில் அது அலுவலக அறைக்கு வெளியே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிற பெயர்ப் பட்டியல். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று துணை முதல்வரின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய்ப் புகார் சொல்லும் என்று அதை எழுதியவர்கள் நிஜமாகவே நம்பினார்களா?

நாலந்தா ஆய்வு வெளியாகி இரண்டு ஆண்டு கழித்து, 2020-இல், மத்திய அரசு 'ஆயுஷ்மான் பாரத்' திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கு ஒரு நலவாழ்வுத் திட்டம் கொண்டுவந்தது. பதினொரு தலைப்புகள். மன நலம் அதில் ஒன்று, வன்முறையிலிருந்து பாதுகாப்பு இன்னொன்று. வாரம் ஒரு மணி நேரம். நடத்துவது யார்? பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். முடிந்தவரை ஓர் ஆண், ஒரு பெண். 'நலவாழ்வுத் தூதர்' என்று அவர்களுக்குப் பட்டம். எந்த வழி பலன் தரவில்லை என்று இந்த நாட்டிலேயே, அரசுப் பள்ளிகளிலேயே சோதித்துத் தெரிந்துகொண்டார்களோ அதே வழி. ஆசிரியருக்குச் சம்பளம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, புதிதாகச் செலவில்லை என்ற ஒரே ஒரு வசதி அதில் உண்டு. ஒற்றை ஆசிரியரை வைத்து ஓடும் பள்ளிகள் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அங்கே இரண்டு தூதர்களுக்கு எங்கே போவது என்பது இன்னொரு வேடிக்கை.

விடுதிப் பள்ளிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நவோதயா பள்ளிகளில் பகலில் பாடம் நடத்துகிற ஆசிரியரே இரவில் விடுதியின் காப்பாளர். பிள்ளைக்கு இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே முகம். 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்ட விவரம் 2018 இறுதியில் வெளியே வந்து, அரசு ஒரு குழு அமைக்க வேண்டிவந்தது. ஒவ்வொரு சாவுக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. ஆனால் கணக்கு வாத்தியாரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல விடுதியில் வேறு ஆள் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இந்தப் பின்னணியில்தான் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மன நலம் பற்றி 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர், மனோதத்துவ நிபுணர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்கிறது அதில் ஒன்று. அதைவிடச் சிறிய பள்ளிகள் வெளியே உள்ள மன நல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டுமாம். பெட்டிக்கு ஒரு மனிதர் வேண்டும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பது சிறிய விஷயமில்லை.

கஷ்டம் அடுத்த படியில் இருக்கிறது. அவ்வளவு நிபுணர்களுக்கு எங்கே போவது? பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மன நலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு மன நலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அதாவது அறுபது பேர் வகுப்பில் நான்கு பேர். பெரிய நகரத்துத் தனியார் பள்ளி விளம்பரம் கொடுத்தால் ஆலோசகர் கிடைப்பார். பீகார்ஷரீஃபிலிருந்து பஸ் மாறிப் போகவேண்டிய கிராமத்துப் பள்ளிக்கு யார் வருவார்? வராவிட்டால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது சுலபம். ஒரு நாள் பயிற்சி முகாம் நடக்கும், சான்றிதழ் வரும், டிரில் மாஸ்டரின் பெயர் 'ஆலோசகர்' என்று பலகையில் ஏறும். நீதிமன்றத்துக்குத் தாக்கலாகும் அறிக்கையில் நூறு சதவிகிதம் நிறைவேற்றம் என்று இருக்கும்.

நாலந்தாவின் அனுபவம் உதவக்கூடிய இடம் இதுதான். அங்கே வேலை செய்தவர் நிபுணர் இல்லை. ஆனால் ஆசிரியரும் இல்லை. பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற இளைஞர்களும் இளம் பெண்களும் இல்லாத மாவட்டம் இந்தியாவில் ஏது? அவர்களுக்குச் சரியான பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து, மேலே ஒரு நிபுணர் பல பள்ளிகளைக் கண்காணிக்கிற மாதிரி ஓர் அமைப்பை உருவாக்க முடியும். கடுமையான நோய் உள்ள பிள்ளையை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கலாம். மீதிப் பேருக்கு வேண்டியது, கேட்பதற்கு ஒரு காது.

ஆட்சேபணைகள் இருக்கின்றன, நியாயமானவையும் கூட. படிக்காத வைத்தியர் கையில் பிள்ளையை ஒப்படைப்பதா என்பார்கள் நிபுணர்கள். தனியறையில் பிள்ளையோடு பேசுகிற வெளியாளை எப்படி நம்புவது என்பார்கள் பெற்றோர்கள். இரண்டாவது கேள்விதான் கனமானது. பிள்ளையிடம் தவறாக நடக்க விரும்புகிறவன் தேடிவரும் வேலையும் இதுவாக இருக்கலாம். ஆள் எடுக்கும்போது பின்னணி விசாரணை, கதவு திறந்த அறை, வாராவாரம் மேலதிகாரி வந்து பார்ப்பது ஆகியவை இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் தெரியவந்தால் அவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ரகசியம் காப்பதற்கு அங்கே எல்லை உண்டு என்பதைப் பிள்ளைக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செலவு என்ற ஆட்சேபணையை மட்டும் ஏற்க முடியவில்லை. வகுப்பறைதோறும் கேமரா வாங்கப் பணம் இருந்ததே.

முகம் தெரியாத வெளியாளிடம் இந்தியப் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்பதும் உண்மையில்லை. 1996-இல் பம்பாயில் டாடா சமூகவியல் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கிய 1098 தொலைபேசிச் சேவை நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணமே பிள்ளைகள் கூப்பிட்டதுதான். மறுமுனையில் பேசுகிறவர் பிள்ளைக்கு மார்க் போடப்போவதில்லை.

தமிழ்நாட்டில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெயரில் பெட்டி வைத்திருக்கிறார்கள். அழகான பெயர். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், 500-க்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற தனிப் பதவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரபரப்பான விவாதமெல்லாம் அறிக்கையில் இருந்த கயிறு, பொட்டு பற்றி நடந்தது. நல அலுவலரைப் பற்றிப் பேச அரசியல்வாதிகள் யாருக்கும் நேரமில்லை. பெட்டி ஒரு திட்டமாகவும், அதைத் திறக்க வேண்டிய ஆள் இன்னொரு அறிக்கையிலுமாக இருக்கிறார்கள்.

நாலந்தாவில் ஆய்வை எட்டு மாதத்தோடு நிறுத்திவிடவில்லை. அடுத்த ஆண்டும் தொடர்ந்தார்கள். 2020-இல் அந்த முடிவும் வெளிவந்தது. புதுமை மோகம் தீர்ந்ததும் பலன் கரைந்துவிடும் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அதில் பதில் இருந்தது. வெளியாள் இருந்த பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் இரண்டாம் ஆண்டில் இன்னும் அதிகமாகியிருந்தது.

டெல்லி, மும்பை, பெங்களூர், கொல்கத்தா என்று எந்த ஊரில் பிள்ளையைப் படிக்கவைத்தாலும் சில வாரங்களில் அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் வரும். கணக்கில் ஏன் நான்கு மார்க் குறைந்தது என்று கேட்டு முடித்த பிறகு இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால், புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். "எங்கள் பள்ளியில் அந்த மாதிரி பிரச்சினையே கிடையாது" என்று பதில் வந்தால், அது கடைசியாக எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்பதையும் கேட்கலாம்.